பத்துப் பேர் சேரட்டும்

ஜனவரி 15, 2021
மாட்டுப் பொங்கல். ஊருக்குப் போகவில்லை. நாளைக்கு எங்கள் ஆஸ்பத்திரி ஊழியர்களுக்குக் கொரோனா தடுப்பூசி, நூறு பேர் என்று பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள். என் பெயர் இல்லை. இருந்தவர்களில் பாதிப் பேர் "நான் எப்போ பேர் கொடுத்தேன்?" என்கிறார்கள்.

ஜனவரி 16
மதுரையில் முதல்வர் தொடங்கி வைத்ததை டிவியில் பார்த்தோம். எங்களுக்குத் தடுப்பூசிப் பதிவுக்கான கோவின் இணையதளம் திறக்கவே இல்லை. சிலருக்கு எஸ்எம்எஸ் வரவில்லை. எஸ்எம்எஸ் வந்தும் சிலர் ஆளே வரவில்லை. கோவிஷீல்டு வயல் என்ற மருந்துக் குப்பியில் 10 டோஸ், திறந்தால் 4 மணி நேரம்தான். ஆறு பேரை உட்கார வைத்துவிட்டு மிச்ச நாலு பேருக்கு ஃபோன் போட்டுக்கொண்டிருந்தேன். "ஓபி முடிச்சுட்டு வரேன் சிஸ்டர்." அந்த ஓபி இன்னும் முடியவில்லை போல.

ஜனவரி 18
பக்கத்து மேசையில் கோவாக்சின். அதில் வயலுக்கு 20 டோஸ், அதனால் இன்னும் நீண்ட காத்திருப்பு.

அந்த மேசைக்கு மட்டும் தனி ஒப்புதல் படிவம். முழுதாகப் படித்தேன். மூன்றாம் கட்டப் பரிசோதனை நடந்துகொண்டிருக்கிறது, பலன் இன்னும் உறுதியாகவில்லை, ஊசியால்தான் பெரிய பாதிப்பு என்று நிரூபணமானால் கம்பெனி இழப்பீடு தரும். இப்படி எழுதிக் கொடுத்துவிட்டு, படித்தவர்களே தயங்கலாமா என்று மேலே இருப்பவர்கள் கேட்கிறார்கள். படித்ததனால்தானே தயங்குகிறார்கள்!

அனஸ்தீசியா டாக்டரம்மா சொன்னார்: "நான் தடுப்பூசிக்கு எதிரி இல்லம்மா. டேட்டா வரட்டும்." நியாயம்தான். ஆனால் போன மார்ச்சில் மத்திய மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐசிஎம்ஆர் சொன்னதும், கொரோனா வராமலிருக்க ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மலேரியா மாத்திரையை எங்களோடு சேர்ந்து அவரும் விழுங்கினார். அன்றைக்கு டேட்டா எங்கே இருந்தது?

ஜனவரி 19
நேற்று எழுதியது சரியில்லை. அந்த மாத்திரையை விழுங்கியது பயம். இப்போது மாநிலம் முழுக்க ஒரு நாளைக்கு 500 சொச்சம் கேஸ், வார்டு காலி. பயம் போனபிறகு ஊசி வந்திருக்கிறது.

ஜனவரி 20
புதன். குழந்தைகளுக்கு ஐந்து நோய்களுக்கான பென்டா ஊசி போட்டோம். ஒரு அம்மாவும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

ஜனவரி 22
ராஜீவ் காந்தி மருத்துவமனையில் சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கர் கோவாக்சின் போட்டுக்கொண்டார். அவரும் டாக்டர். மத்தியானம் பி.ஜி. படிக்கும் டாக்டர் பையன்கள் சிலர் வந்து போட்டுக்கொண்டு செல்ஃபி எடுத்தார்கள். எப்படியோ வயல் முடிந்தது.

ராத்திரி நாத்தனார் ஃபோன். "அண்ணி, போட்டா குழந்தை தங்காதாமே?" அவளும் நர்ஸ். அதற்கு ஆதாரமே இல்லை என்றேன். "ஆதாரம் இல்லைன்னா நடக்காதுன்னு அர்த்தமா?" கர்ப்பிணிகளைப் பரிசோதனையில் சேர்க்கவில்லை, அதனால்தான் அவர்களுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும் இப்போதைக்கு வேண்டாம் என்று வைத்திருக்கிறார்கள். இதைச் சொன்னால் தைரியம் வருமா, பயம் கூடுமா? கல்யாணமாகி நாலு வருஷம் ஆனவளிடம் எதைச் சொல்வது? சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிட்டேன்.

ஜனவரி 25
இன்றைக்கு ஒரு சொட்டு வீணாகவில்லை.

காண்ட்ராக்ட் துப்புரவுப் பணியாளர்களை சூப்பர்வைசர் வரிசையாகக் கூட்டி வந்தார். போடாவிட்டால் நாளையிலிருந்து வேலைக்கு வரவேண்டாம் என்றாராம். விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும் என்றுதான் உத்தரவு. அந்த விருப்பம் டாக்டருக்கு இருக்கிறது, எனக்குக் கொஞ்சம் இருக்கிறது, இவர்களுக்குக் கிடையாது. ரிப்போர்ட்டில் எல்லாம் ஒரே எண்ணிக்கையாகத்தான் போகும். படிவத்தை நான் வாசித்துக் காட்டினேன். பாதியிலேயே ஒரு அக்கா கையை நீட்டிவிட்டார். "எல்லாம் கெடக்கட்டும், நீ போட்டுக்கினியா சிஸ்டர்?"

ஜனவரி 27
போட்டுக்கொண்டேன். கோவிஷீல்டு.

ஜனவரி 28
தைப்பூசம், லீவு. விடிய விடியக் காய்ச்சல், கையைத் தூக்க முடியவில்லை. பாராசிட்டமால். வார்டு வாட்ஸ்அப்பில் என் காய்ச்சல்தான் இன்றைய செய்தி. நான்கூடப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அழுதுவிட்டேன், அதை யாரும் எழுதவில்லை, நல்ல வேளை.

மார்ச் 1
டெல்லியில் மோடி கோவாக்சின். இங்கே 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாசல்வரை நிற்கிறார்கள். ஆள் தேடி ஃபோன் போடும் வேலை விட்டது.

மார்ச் 3
கோவாக்சின் பரிசோதனையின் இடைக்கால முடிவு: 81 சதவீதம் பலன். டாக்டரம்மா கேட்ட டேட்டா. சாயங்காலம் வந்தார், ஒன்றும் பேசாமல் கோவிஷீல்டு மேசையில் உட்கார்ந்தார்.

ஏப்ரல் 17
விவேக் போய்விட்டார். நேற்று முன்தினம்தான் ஓமந்தூரார் மருத்துவமனையில் கோவாக்சின் போட்டுக்கொண்டு, எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். இதயக் குழாயில் 100 சதவீத அடைப்பு என்று டாக்டர்கள் சொல்லியாயிற்று. யார் காதில் விழுகிறது? அடைப்பு இரண்டு நாளில் வருவதில்லை என்று காலையிலிருந்து சொல்லிச் சொல்லித் தொண்டை போயிற்று. கேட்டுக்கொண்டே எழுந்து போகிறார்கள். அவர்கள் மேல் கோபம் வரவில்லை. எங்கள் ஸ்டோர் ரூமில் "அப்பவே சொன்னேன்" என்ற ஃபார்மசிஸ்ட் மேல்தான் வந்தது.

நாத்தனார் அனுப்பியது அவர் படம் மட்டும். ஒரு வரிகூட இல்லை.

ஏப்ரல் 21
வார்டு நிரம்பிவிட்டது. நாத்தனாரைத் திங்கட்கிழமையிலிருந்து கோவிட் டியூட்டியில் போட்டிருக்கிறார்கள். இன்னும் ஒரு டோஸ்கூட இல்லை. இன்றே போட்டாலும் திங்கட்கிழமைக்குள் பாதுகாப்பு வந்துவிடாது. இந்த மாதமும் நாள் தள்ளிப்போகவில்லையாம், அதனால் யோசிக்கிறேன் என்கிறாள். டியூட்டி முடிந்ததும் நேரில் போய்...