பா.உ.விடம் மகஜர் கொடுக்கப் போகும் மாணவர்களுக்கு

மனித உரிமை தொடர்பாகப் பாராளுமன்ற உறுப்பினரிடம் மகஜர் கையளிக்க நினைக்கும் மாணவர்கள், கையொப்பமிடுபவர்களின் வாக்குப் பதிவு எந்தத் தேர்தல் மாவட்டத்தில் இருக்கிறது என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். வவுனியாவில் படிக்கும் எங்கள் குழுவில் மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பிள்ளைகள் கலந்திருக்கிறோம். நாங்கள் போனது வன்னித் தேர்தல் மாவட்ட (மன்னார், வவுனியா, முல்லைத்தீவு) உறுப்பினர் ஒருவரிடம். கையொப்பத் தாள்களைப் புரட்டிய அவரது பிரத்தியேகச் செயலாளர், கிளிநொச்சி முகவரி ஒன்றில் விரலை வைத்து, "தம்பி, இவை எங்கட வாக்காளர் இல்லை, யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோங்கோ" என்று முழுக் கட்டையும் திருப்பித் தந்துவிட்டார். பேச்சில் கிளிநொச்சியையும் சேர்த்தே வன்னி என்கிறோம். தேர்தல் கணக்கில் அது யாழ்ப்பாண மாவட்டத்தைச் சேர்ந்தது என்பது உண்மைதான். ஆனால் நாங்கள் கேட்கப் போனது காணாமலாக்கப்பட்டோரைப் பற்றி. 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் போராடிவரும் தாய்மாருக்காகச் சபையில் எழும்பிக் கேட்பதற்கு எந்த உறுப்பினருக்கும் மாவட்ட எல்லை தடையில்லை. அதைச் சொன்னபோது அவர் தொலைபேசியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

தாள்களை மாவட்டவாரியாகப் பிரித்துக்கொண்டு மறுபடி போனால் அலுவலகம் பூட்டு. பாராளுமன்ற அமர்வு வாரமாம். வரச் சொன்னவர்கள் அதைச் சொல்லவில்லை. அமர்வுத் திகதிகளைப் பார்த்து, வார இறுதியில் போவதே நல்லது.

பிறகு போய் உறுப்பினரைச் சந்தித்தது சுமுகமாகவே முடிந்தது. அரசியல் தீர்வு முதல் காணி விடுவிப்பு வரை எல்லாவற்றையும் அடுக்கும் மகஜர்கள் அந்த மேசையில் குவிந்து கிடந்ததால், எங்கள் ஒற்றைப் பக்கத்தை அவர் அங்கேயே வாசித்தார். 2016 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்ட காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம், மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் கோவைகளில் எத்தனையை விசாரித்து முடித்திருக்கிறது என்று துறைசார் அமைச்சரிடம் கேட்க வேண்டும் என்பது மட்டுமே அதில் இருந்தது. கேட்பதாகச் சொன்னார்.

வெளியே வரும்போது செயலாளர், "வைச்சிட்டுப் போங்கோ" என்றார். பிரதியில் திகதியும் முத்திரையும் வாங்காமல் நகரமாட்டோம் என்று நின்று, வாங்கிவிட்டோம். அது இல்லாவிட்டால் பிறகு எதைக் காட்டி விசாரிப்பது?

அதே விவரத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்திடம் எழுதிக் கேட்டிருக்கிறோம். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானிக்க வேண்டும். கிளிநொச்சிப் பிள்ளைகள் தங்கள் தாள்களுடன் யாழ்ப்பாண உறுப்பினர் ஒருவரிடம் நேரம் கேட்டிருக்கிறார்கள்.