டிடிஒய்1-இல் மின்னிய என் கர்சர்: தமிழ் கன்சோல், மூன்றாம் கட்டம்

லினக்ஸின் எழுத்துத் திரையில், அதாவது கன்சோலில், தமிழை ஒழுங்காகக் காட்ட ஒரு நிரல் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதிலிருந்த பிழையைக் கடைசியில் பிடித்துவிட்டேன். நான்கு இரவுத் தூக்கத்தைத் தின்ற பிழை. ஒரே ஒரு ஃபோர்க் (நிரல் தன்னைப் போலவே ஒரு பிள்ளை நிரலை உருவாக்கும் அழைப்பு) இடம் மாறி உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான்.

போன கட்டத்தில் எழுதியிருந்த நிலைமை: ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில் என் நிரல் டிடிஒய்3-ஐ (லினக்ஸ் தரும் பல கன்சோல்களில் மூன்றாவது) திறந்து, கிராபிக்ஸ் நிலைக்கு மாற்றி, ஃப்ரேம்பஃபரில் (திரையின் புள்ளிகளை வைத்திருக்கும் நினைவகம்) தானே எழுத்து வரைகிறது. உள்ளே ஒரு போலி டெர்மினல், அதில் கட்டளைகளை வாங்கி ஓட்டும் பாஷ். எழுத்துகளைக் கோத்து வடிவமைக்கும் ஹார்ஃப்பஸ் புண்ணியத்தில் 'கொ' ஒழுங்காகக் கொம்பும் காலும் வைத்துக்கொண்டு வந்தது. கெத்தாக நாற்காலியில் சாய்ந்துகொண்டு கண்ட்ரோல்-ஆல்ட்-எஃப்1 அடித்தேன். டிடிஒய்1 வந்தது, லாகின் கேட்டது. அந்த 'லாகின்' என்ற சொல்லின் மேலேயே என் பச்சைக் கட்டக் கர்சர் அரை நொடிக்கு ஒரு முறை மின்னிக்கொண்டிருந்தது! டிடிஒய்3-க்குத் திரும்பினால் அங்கே கெர்னலின் (லினக்ஸின் மையப் பகுதி) சொந்த அடிக்கோட்டுக் கர்சர். இரண்டு பேரும் ஒரே சுவரில் போஸ்டர் ஒட்டுகிறோம்.

இதைத் தடுக்கத்தான் விடி_செட்மோட் என்ற கெர்னல் அழைப்பு இருக்கிறது. 'ப்ராசஸ்' முறையில் வைத்தால், கன்சோல் மாறும் முன் கெர்னல் நமக்கு ஒரு சிக்னல் அனுப்பும். நாம் வரைவதை நிறுத்திவிட்டு விடி_ரெல்டிஸ்ப் மூலம் 'சரி, போகலாம்' என்று சொன்னால்தான் திரை மாறும். திரும்பி வரும்போது இன்னொரு சிக்னல், அதற்கும் ஒரு பதில். இதையெல்லாம் எழுதித்தான் வைத்திருந்தேன். சிக்னல்தான் வரவே இல்லை.

முதல் சந்தேகம், சிக்னல்களை அடைத்துவைத்துக் கோப்புபோலப் படிக்க உதவும் சிக்னல்எஃப்டி மேல். அதைக் கழற்றிப் பழைய ஹேண்ட்லரைப் போட்டேன், மாற்றமில்லை. நிரலின் அழைப்புகளையும் சிக்னல்களையும் காட்டும் எஸ்ட்ரேஸ் போட்டுப் பார்த்தேன், சத்தமே இல்லை. மூன்றாம் இரவில்தான், இப்போது எந்த முறை என்று சொல்லும் விடி_கெட்மோட்டைக் கேட்டுப் பார்க்கத் தோன்றியது. தொடக்கத்தில் 'ப்ராசஸ்' என்கிறது. ஒரு முறை கன்சோல் மாறியதும் 'ஆட்டோ' என்கிறது. நான் மாற்றவில்லையே, யார் மாற்றினார்கள்?

கெர்னலேதான். மூலநிரலில் சேஞ்ச்_கன்சோல் என்ற சிறிய ஃபங்ஷனைப் படித்தால் விளங்கும். விடி_செட்மோட்டை யார் அழைத்தாரோ அந்த ப்ராசஸின் (ஓடும் நிரலின்) எண்ணைக் கெர்னல் குறித்துக்கொள்ளும். கன்சோலை மாற்றும்போது அந்த எண்ணுக்குச் சிக்னல் அனுப்ப முடியாவிட்டால், 'ஆள் செத்துவிட்டான்' என்று முடிவுகட்டி, அந்தக் கன்சோலைப் பழையபடி டெக்ஸ்ட் நிலைக்கு, ஆட்டோ முறைக்கு, மாற்றிவிடும். நான் பழைய ப்ராஜெக்டிலிருந்து நிரலைப் பின்னணியில் ஓடும் டீமன் ஆக்கும் நாலு வரியை ஒட்டியிருந்தேன்: ஃபோர்க், பெற்றோர் எக்ஸிட். விடி_செட்மோட் அந்த ஃபோர்க்குக்கு மேலே இருந்தது. பட்டா அப்பா பேரில், அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். தாலுகா ஆபீஸில் பட்டாவை ரத்து செய்தாகிவிட்டது. பிள்ளை அது தெரியாமல் வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறான்.

விடி_செட்மோட் வரியை ஃபோர்க்குக்குக் கீழே இறக்கினேன். முதல் முயற்சியிலேயே சிக்னல் வந்தது. அந்த இரவு இரண்டு மணிக்கு மேல் சும்மா எஃப்1, எஃப்3 என்று ஐம்பது முறையாவது மாற்றி மாற்றி அடித்திருப்பேன்.

இடையில் திரை செத்துப்போன நேரத்தில் எல்லாம் காப்பாற்றியது, வேறு கணினியிலிருந்து உள்ளே நுழைய வைத்திருந்த சீரியல் கேபிள்தான். விசைப்பலகையையும் ரா நிலைக்கு (விசைகளைக் கெர்னல் கையாளாமல் அப்படியே நிரலுக்குத் தருவது) மாற்றிவிட்டு நிரல் தொங்கினால் கண்ட்ரோல்-ஆல்ட் எதுவும் எடுபடாது (ஆல்ட்-சிஸ்ரிக்யூ-ஆர் எடுபடும், ஆனால் என் விசைப்பலகையில் அந்த விசையைத் தேடுவதே ஒரு வேலை). சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய யூஎஸ்பி-டிடிஎல் பலகைதான் அந்தக் கேபிளின் மறுமுனை. 3.3 வோல்ட்தான் என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் ஜம்பர் 5 வோல்ட்டில் இருந்தது. அப்படியே ராஸ்பெர்ரி பையின் 10-ஆம் பின்னில் சொருகியிருந்தால் அது காலி. வாங்குகிறவர்கள் அளந்துவிட்டுச் சொருகுங்கள்.

ஓர் எழுத்து திரையில் எத்தனை கட்டம் அகலம் என்று கணக்கிடுவதில் ஒரு புலம்பல் பாக்கி இருக்கிறது. யூனிகோடு வகைப்பாட்டில் 'ி' இடம் பிடிக்கும் குறி, 'ீ' இடம் பிடிக்காத குறி. அதை நம்பிக் கட்டம் எண்ணினால் 'கி' இரண்டு கட்டம், 'கீ' ஒரு கட்டம். எந்தத் தமிழனிடம் கேட்டு முடிவு செய்தார்களோ! இப்போதைக்கு என் சொந்த அட்டவணைதான்.

அடுத்து ஒரு கிறுக்கு யோசனையும் ஓடுகிறது. கெர்னல் கன்சோல் எழுத்துருவில் 512 உருவங்கள் வரை வைக்கலாம்; நம் 247 எழுத்தும் தாராளமாக அடங்கும். சிக்கல் என்னவென்றால் கெர்னல் ஒரு குறியெண்ணுக்கு ஓர் உருவம் என்றுதான் பார்க்கும், 'க'வையும் 'ொ'வையும் சேர்க்கத் தெரியாது. ஆனால் 2010-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற டேஸ்16 என்ற தமிழ்க் குறியாக்கத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் உண்டே! நடுவில் ஒரு வடிகட்டி வைத்து யூனிகோடை டேஸ்16 ஆக்கி அனுப்பினால் கிராபிக்ஸ் நிலையே வேண்டாம். 'கொ'வை ஒரே கட்டத்துக்குள் நெருக்க வேண்டியிருக்கும், 256-ஐத் தாண்டினால் பளிச் நிறங்களும் போய்விடும். பார்க்கலாம். எழுத்துரு வரைய ஆர்வமுள்ளவர்கள் யாராவது இருந்தால் கை கொடுங்கள்.

அதற்கு முன் இந்தக் கட்டத்தையே முடிக்கவில்லை. சிக்னல்எஃப்டியைத் திரும்ப மாட்டியதிலிருந்து உள்ளே ஓடும் நிரல்களில், ஓட்டத்தை நிறுத்தும் கண்ட்ரோல்-சி எடுபடவில்லை. ஸ்லீப் 100 என்று கொடுத்தால் நூறு நொடியும் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். சிக்னல்எஃப்டிக்காக நான் அடைத்துவைத்த சிக்னல் பட்டியல் பாஷுக்கும் அதன் பிள்ளைகளுக்கும் அப்படியே போகிறது. பிள்ளை ப்ராசஸில் பாஷை ஏற்றும் எக்ஸெக்குக்கு முன் பட்டியலைக் காலி செய்ய வேண்டும். மறுபடியும் ஃபோர்க்குக்குக் கீழே ஒரு வரி.