தூரிகை ஓய்ந்த மாதங்கள்

வரைய அமர்ந்தும் கை ஓடாமல் தவிக்கும் ஓவிய நண்பர்களிடம் நான் பிக்காசோவின் 1935ஆம் ஆண்டைப் பற்றியே பேசுகிறேன். மனைவி ஓல்காவுடனான மணவாழ்வு முறிந்த அந்த ஆண்டில், 53 வயதில், புகழின் உச்சியில் இருந்த அவர் ஓவியம் தீட்டுவதைப் பல மாதங்கள் நிறுத்திவிட்டு, கவிதை எழுதத் தொடங்கினார். ஸ்பானிய மொழியிலும் பிரெஞ்சிலும், நிறுத்தற்குறிகளைப் பெரும்பாலும் துறந்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் காட்சிகள் குவியும்படி அவர் எழுதிய அந்த வரிகளில் ஓவியனின் கண் விழித்தே இருந்தது என்பது என் உறுதியான எண்ணம். கவிதையை அவர் வெறும் இடைக்காலப் பொழுதுபோக்காகக் கருதவில்லை. ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோவைச் சாடி 1937இல் அவர் உருவாக்கிய செதுக்கோவியங்களுடன் தம் கவிதையையும் இணைத்தார். போரின் கொடுமையைக் காட்டும் அவருடைய புகழ்பெற்ற ஓவியமான 'குவெர்னிகா' பிறந்ததும் அதே ஆண்டில்தான். பின்னர், அறுபதைக் கடந்த வயதில், தெற்குப் பிரான்சின் வல்லோரிஸ் ஊரில் களிமண்ணைக் கையிலெடுத்தார்.

ஆகவே நண்பர்களே, கித்தான் முன்னால் உங்களை வதைத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்குப் பழக்கமே இல்லாத, யாரும் உங்களிடம் தேர்ச்சியை எதிர்பார்க்காத ஒரு கலையை இந்த வாரமே தொடங்குங்கள். களிமண்ணோ, மரச்செதுக்கோ, கவிதையோ, எதுவாயினும் சரி.