எங்கள் சந்துக்காக வாங்கிய 27 கையெழுத்து

கோடி வீட்டை இடித்தபோது அதன் தேக்கு உத்திரங்களை லாரியில் ஏற்றிக் காரைக்குடி பழம்பொருள் கடைக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் விடியற்காலை கோலம் போடப் போன அம்மா, வாளியை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார். மதுரையில் மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியை ஒட்டிய எங்கள் சந்தில் மிச்சம் 31 வீடுகள். ஒவ்வொன்றாகப் போவதற்குள் மொத்தச் சந்தையும் பாரம்பரியப் பகுதியாக அறிவிக்கச் சொல்லிக் கேட்பது என்று அன்றைக்கு முடிவெடுத்தோம்.

யாரிடம் கேட்பது என்பதிலேயே நான்கு மாதம் போனது. ஓர் அலுவலகத்தில், "கோயில், அரண்மனைன்னா சொல்லுங்க, வீட்டுக்கெல்லாம் கிடையாது" என்று திருப்பி அனுப்பினார்கள். கட்டடக்கலை சொல்லித்தரும் ஒரு பேராசிரியர்தான் தெளிவாக்கினார். மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் நினைவுச் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குப் புதுக் கட்டடம் கூடாது. அதைத் தாண்டி இன்னொரு 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் 9 மீட்டர் உயரத்துக்கு மேல் கட்டக் கூடாது என்பது வேறு விதி. இது உயரத்தைத்தான் பார்க்கும், பழைய வீட்டைக் காக்காது. கோடி வீட்டு மனையில் இப்போது கண்ணாடி முகப்போடு எழும்புவதும் 9 மீட்டருக்குள்தான். நாங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது, பழைய கட்டடங்களையும் பகுதிகளையும் காக்கும் பாரம்பரிய ஆணையத்துக்காகத் தமிழ்நாடு 2012-இல் இயற்றிய சட்டம். சட்டம் வந்தும் ஆணையம் செயலுக்கு வரப் பல வருடம் ஆனது.

சரி, மனு எழுதலாம் என்று உட்கார்ந்தால், சந்திலேயே பாதிப் பேர் பயந்தார்கள். நாலாவது வீட்டுச் சித்தப்பா திண்ணையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "ஏப்பா, நாளைக்கு எம் மகன் மாடியில ஒரு ரூம் எடுக்கணும்னா எவன்கிட்ட போய் நிக்கிறது? வீட்டையே கவர்மென்ட் எடுத்துக்கிருவான்." அவர் பயந்தது 100 மீட்டர் விதிக்கு. ஊரில் எல்லோரும் எல்லா விதியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். அவர் கேள்வியில் நியாயம் இருந்ததால் மனுவையே மாற்றினோம். தெருவைப் பார்த்த முகப்பு, திண்ணை, தூண், கூரை வரிசை ஆகியவற்றை மட்டும் காக்கக் கேட்டோம். உள்ளே சமையலறை, குளியலறை மாற்றுவதை வீட்டுக்காரர்கள் விருப்பத்துக்கு விடும்படி தனியாக எழுதினோம். அந்தப் பக்கத்தை மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, முதல் கையெழுத்தைச் சித்தப்பாவே போட்டார். கடைசியில் 27 வீடு சேர்ந்தது. பங்காளிகள் ஆறு பேர் இருக்கும் வீட்டுக்குத்தான் அதிக அலைச்சல். ஒருவர் திருப்பூரில், ஒருவர் சிங்கப்பூரில்.

வீட்டின் வயதைக் காட்டுவதில் நாங்கள் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். வில்லங்கச் சான்றுக்கு இணையத்தில் 1975-க்கு முன்னால் போக முடியவில்லை. பழைய பத்திரங்களுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் தேடுதல் மனு போட்டோம். அவற்றில் நாலு பக்க எல்லையைச் சொல்லும் சக்குபந்தி விவரங்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பார்த்தால் யார் வீட்டுக்குப் பின் யார் வீடு எழும்பியது என்பது புரிந்தது. "எங்க வீடு 500 வருஷம்" என்று சொன்னவர்களின் மனம் நோகாமல் அதை எடுத்துவிட்டோம். 1840-களை ஒட்டி, கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்த பிறகுதான் இந்தப் பக்கமெல்லாம் மனையானது. அந்த வேலையைப் பார்த்த மாரட், பெருமாள் மேஸ்திரி பெயர்கள்தான் வீதிகளுக்கு நிற்கின்றன. இல்லாத வயதைச் சேர்த்திருந்தால் உள்ளதையும் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

எனக்கு மனதில் நிற்பது ஒரு கல்யாணப் போட்டோ. எதிர் வீட்டு அத்தை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துத் தந்தார். மாப்பிள்ளை, பெண்ணுக்குப் பின்னால் திண்ணைக்கு ஏற நான்கு படிகள். இப்போது ஒன்றுதான் இருக்கிறது. பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு மூன்று படியும் புதைந்துவிட்டன. மழை பெய்தால் தண்ணீர் நடை வரை வந்து, சுண்ணாம்புக் காரை அடியிலிருந்து ஊதி உதிர்கிறது. அந்தப் போட்டோவின் நகலை மனுவின் முதல் பக்கத்திலேயே ஒட்டினோம். ரோட்டைப் பழைய மட்டத்துக்கு இறக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேட்டோம்.

மனு, வீட்டுக்கு ஒரு குறிப்புத்தாள், அளவு வரைபடம், படங்கள் என்று 140 பக்கம். மூன்று பிரதி கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கினோம். ஏழு மாதம் கழித்து ஆய்வுக்கு வந்தார்கள். வந்தவர் அத்தை வீட்டு வாசலில் குனிந்து, மிச்சமிருந்த அந்த ஒரு படியை டேப் பிடித்து அளந்து எழுதிக்கொண்டார்.

அறிவிப்பு இன்னும் வரவில்லை. அதுவரை கூரை ஒழுகாமல் இருக்குமா? சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஒருவரைத் திருமங்கலம் பக்கமிருந்து கூட்டிவந்து, சித்தப்பா வீட்டு மச்சில் வேலை தொடங்கியிருக்கிறோம். குறிப்புத்தாளின் நகல் எங்கள் வீட்டில் இருக்கிறது. பக்கத்துச் சந்துக்காரர்கள் போன வாரம் வந்து 20 பிரதி எடுத்துப் போனார்கள்.