வெள்ளிக்கிழமை வந்தால் இழுக்கிற பம்பு

8 மே 2023, திங்கள், சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

வண்டி எடுக்கும் முன் பம்பு பேட்டரியில் மீட்டர் வைத்தேன். 12.7 வோல்ட். நேற்று பகலெல்லாம் சார்ஜரில் கிடந்த பலன். இந்த வாரம் தினமும் காலையில், எதையும் ஓட்டுவதற்கு முன் அளந்து எழுதி வைக்கப் போகிறேன். போன மாதத்திலிருந்து ஒரே கதை. திங்கள், செவ்வாய் ஜம்மென்று ஓடுகிற பம்பு வெள்ளிக்கிழமை மதியம் இழுக்க ஆரம்பித்துவிடுகிறது. மூன்றாம் மாடிக் கண்ணாடிக்குப் போய்ச் சேருவதற்குள் தண்ணீருக்கு வேகமே இருப்பதில்லை.

எங்கள் தொழில் தெரியாதவர்களுக்கு: உம்லாங்கா கடற்கரைப் பக்கத்து அடுக்குமாடிகளில் ஜன்னல் சுத்தம் செய்கிறோம். ஏணி கிடையாது. பேக்கியின் (பின்பக்கம் திறந்த சிறிய சரக்கு வண்டி) பின்னால் தொட்டி, 12 வோல்ட் பம்பு, குழாய்ச் சுருள். கையில் நீளமான கார்பன் ஃபைபர் கம்பு, நுனியில் பிரஷ். தாது உப்பெல்லாம் நீக்கிய தண்ணீர் என்பதால் துடைக்க வேண்டாம், அப்படியே காய்ந்தாலும் கறை விழாது. கடல்காற்று ஜன்னலில் உப்பை அப்புகிறவரை எங்களுக்கும் பிழைப்பு ஓடும், பேட்டரி ஒத்துழைத்தால்.

10 மே, புதன்

நேற்று காலை 12.6. இன்று 12.5. குறைந்துகொண்டே வருகிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். முழு வேகத்தில் பம்பு 6, 7 ஆம்பியர் இழுக்கும். கன்ட்ரோலரில் வேகத்தைக் குறைத்து வைப்பதால் எங்களுக்குச் சராசரி 4. ஆறு மணி நேர வேலைக்கு 24 ஆம்பியர்-மணி. பேட்டரி 100. காகிதத்தில் ஒரு குறையும் இல்லை. எடுத்த 24 இரவில் திரும்பிப் போகிறதா என்பதுதான் கேள்வி. எங்களுடையது ஈய-அமில வகை. அதில் எடுத்ததை மட்டும் போட்டால் போதாது, கொஞ்சம் கூடுதலாகவே போட வேண்டும்.

சார்ஜர் 10 ஆம்பியர். மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று பார்க்கிறவர்கள் சொல்வார்கள். நடப்பது வேறு. முக்கால் பங்குக்கு மேல் நிறைந்ததும் பேட்டரி கரண்டை வாங்கிக்கொள்ள அடம்பிடிக்கும். 14.4 வோல்டில் நின்றபடி 10 ஆம்பியர் 6 ஆகும், 3 ஆகும், 1 ஆகும். கடைசி ஐந்தில் ஒரு பங்குக்குத்தான் அதிக நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில்தான் இங்கே லோட் ஷெடிங், அதாவது முறைவைத்துக் கரண்ட் வெட்டுவது, வந்து நிற்கிறது.

12 மே, வெள்ளி

காலையில் 12.2. ஓய்வில் இருக்கும் பேட்டரி இப்படிக் காட்டினால் ஏறக்குறைய பாதிதான் மிச்சம் என்று அர்த்தம். அதோடுதான் வேலைக்குக் கிளம்பினோம், வேறு வழி?

இரண்டு மணிக்குக் கன்ட்ரோலர் திரையில் 11.4, அப்புறம் 11.2. கடைசியில் தானே நிறுத்திக்கொண்டது. கட்டடத்தின் நான்காவது பக்கத்தைத் திங்கட்கிழமைக்குத் தள்ளியாயிற்று. கூட வேலை செய்யும் பையன் கம்பை மடக்கியபடி, “பேட்டரிக்கும் வெள்ளிக்கிழமை லீவா அண்ணா?” என்றான்.

பேட்டரியைக் காப்பாற்றத்தான் கன்ட்ரோலர் நிறுத்துகிறது என்று பலர் அதையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. அது கடைசித் தடுப்பு. அதுவரை இறக்கி இறக்கி ஓட்டினால், பாதி வயிற்றோடு கிடக்கும் ஈயத் தகடுகளில் சல்ஃபேட் இறுகிப் படிந்து, 100 என்று எழுதியிருக்கிற பேட்டரி 60, 50 என்று சுருங்கிவிடும்.

14 மே, ஞாயிறு

அன்னையர் தினம். வீட்டுக்கார மாமி வீட்டில் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று கூட்டம், சந்துவரை மட்டன் கறி மணம். மாமா சாப்பிட்டுவிட்டு நேராக என் வண்டிக்கு வந்துவிட்டார். வாகன எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழில் ஆரம்பித்து ஆங்கிலத்தில் முடிப்பார்.

“என்ஜின் ஓடும்போது பின்னால என்ன காட்டுது, பாத்தியா தம்பி?”

வண்டியைக் கிளப்பினோம். முன்னால் வண்டியின் சொந்த பேட்டரியில் 14.3. பின்னால் பம்பு பேட்டரியில் 13.4. வழியில் கிட்டத்தட்ட ஒரு வோல்ட் காணோம். முன்னால் நிறைய, பின்னால் பட்டினி. கிளாம்ப் மீட்டரில் ஆரம்பத்தில் 9 ஆம்பியர் வந்தது, கொஞ்ச நேரத்தில் 5க்கு இறங்கிவிட்டது. வண்டி ஓடினாலே பின் பேட்டரி நிறைந்துவிடும் என்று, இரண்டு பேட்டரியையும் இணைக்கிற ரிலேயை மாட்டியவர் சொல்லியிருந்தார். போகவர ஒன்றரை மணி நேர ஓட்டத்தில் இந்த வேகத்துக்கு என்ன நிறையும்?

மாமா ஒவ்வோர் இணைப்பாக மீட்டர் வைத்து வந்தார். ரிலேயில் பெரிய இழப்பில்லை. வயர் மெலிசு. இன்னொரு இடம் எர்த் இணைப்பு. சேசிஸில் முறுக்கிய போல்ட்டின் அடியில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக் கிடந்தது. உம்லாங்கா காற்றில் நாள் முழுக்க நிற்கிற வண்டி அல்லவா. கம்பி பிரஷ்ஷால் பளபளவென்று தேய்த்து, இறுக்கி, மேலே வாஸ்லின் பூசினோம். முதலில் பூசிவிட்டு அப்புறம் இறுக்குகிறவர்களும் உண்டு. மாமாவுக்கு அது பிடிக்காது, இரும்பும் இரும்பும் முதலில் தொட வேண்டும் என்பார். 16 சதுர மில்லிமீட்டர் வயர் நாளை வாங்க வேண்டும், இரண்டு பேட்டரிப் பக்கத்திலும் ஃப்யூஸ் வைத்து.

16 மே, செவ்வாய்

புது வயர் போட்டாயிற்று. பின்னால் 14.1.

இரவில் வேறொரு விஷயம் பிடிபட்டது. பத்து மணிக்குக் கரண்ட் போய்ப் பன்னிரண்டரைக்கு வந்தது. தண்ணீர் குடிக்க எழுந்தவன் சார்ஜரைப் பார்த்தேன். விளக்கு மினுக்மினுக் என்கிறது, ஆம்பியர் பூஜ்யம். இந்த மாதிரி சார்ஜரில் கரண்ட் போய் வந்தால் யாராவது பொத்தானை அழுத்தினால்தான் மறுபடி தொடங்கும். தினமும் இரவு ஒரு வெட்டாவது இருக்கும்போது, காலைவரை சார்ஜ் ஏறுகிறது என்ற நம்பிக்கையில் வாரக்கணக்காகத் தூங்கியிருக்கிறோம். சார்ஜர் வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே பிளக்கைப் பிடுங்கிச் செருகிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தானாகத் தொடங்காத சார்ஜர் இந்த ஊருக்கு ஆகாது.

19 மே, வெள்ளி

காலையில் 12.5. போன வெள்ளிக்கு இது எவ்வளவோ மேல். நாலு மணிவரை பம்பு நிற்கவில்லை. ஆனாலும் முழுசாக நிறையவில்லை. வெட்டு நடுநடுவே வந்தால் அந்தக் கடைசி ஐந்தில் ஒரு பங்கு நிறைவதே இல்லை.

ஜோஹன்னஸ்பர்க்கில் இதே தொழில் செய்யும் நண்பனிடம் பேசினேன். அவன் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரிக்கு மாறிவிட்டான். அதன் பெரிய சௌகரியம், ஏறக்குறைய நிறைகிறவரை கொடுத்த கரண்டை முழுசாக வாங்கிக்கொள்ளும். பாதியில் நிறுத்தினாலும் கெட்டுப்போகாது. அவனுக்குத் தொல்லை குளிர்தான். அந்த ஊர் உயரத்துக்குக் குளிர்கால விடியலில் பூஜ்யத்துக்குக் கீழே போகும். உறைநிலைக்குக் கீழே அந்த பேட்டரியைச் சார்ஜ் செய்யக் கூடாது, உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சர்க்யூட் சார்ஜை மறித்துவிடும். அதனால் பேட்டரியை ராத்திரி வீட்டுக்குள் தூக்கி வைக்கிறான். டர்பனில் எங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

சோலார் தகட்டையும் யோசித்தேன். குளிர்காலப் பகல் குறைவு, வண்டி நிற்பது பாதி நேரம் கட்டட நிழலில். விட்டுவிட்டேன்.

25 மே, வியாழன்

லித்தியம் வந்துவிட்டது, 100 ஆம்பியர்-மணி. ரிலேயைக் கழற்றிவிட்டு 20 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் மாட்டினோம். என்ஜின் ஓட்டத்தில் கரண்ட் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரிலிருந்து என்ன வந்தாலும் அதைத் தேவையான வோல்டுக்கு ஏற்றிப் பின்னால் கொடுக்கும். ரிலேயை அப்படியே விட்டிருந்தால், லித்தியம் கட்டுப்பாடில்லாமல் இழுத்து ஆல்டர்னேட்டரைச் சூடாக்கிவிடும் என்று மாமா பிடிவாதமாகச் சொன்னார். சரியான பேச்சுதான்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து உம்லாங்காவுக்கு என்2 சாலையில் முப்பது சொச்சம் கிலோமீட்டர். காலை நெரிசலில் முக்கால் மணி நேரம், மாலையிலும் அப்படியே. 20 ஆம்பியர் வீதம் ஒன்றரை மணிக்கு 30. செலவு 24. இனி டிராஃபிக்கில் நின்றால் திட்டுவது குறையும்.

ஒரு பழக்கம் மட்டும் மாற வேண்டும். காலையில் மீட்டர் வைத்துப் பார்ப்பதில் இனி பிரயோஜனம் இல்லை. லித்தியம் பாதி காலியானாலும் 13.1, 13.2 என்றுதான் காட்டும், சரியும்போது திடீரென்று சரியும். போகிற கரண்டையும் வருகிற கரண்டையும் எண்ணுகிற ஷன்ட் மீட்டர் ஒன்று சேர்த்து மாட்டியிருக்கிறேன். பழைய சார்ஜரையும் இதன் பக்கம் கொண்டுபோகக் கூடாது. அதில் சல்ஃபேட் நீக்கும் முறை ஒன்று உண்டு, வோல்டை ஏற்றிவிடும்.

26 மே, வெள்ளி

மாலை ஐந்து. வேலை முடிந்து குழாயைச் சுற்றும்போது ஷன்ட் 74 சதவீதம் காட்டியது, வீடு வந்து சேர்ந்தபோது 89. பழைய பேட்டரியை மாமா எடுத்துக்கொண்டார். வெட்டு நேரத்தில் வைஃபையும் இரண்டு எல்இடி விளக்கும் ஓட்ட அது போதும் என்கிறார். நாளை பாலிட்டோவில் ஒரு வீடு, ஆறரைக்கே கிளம்ப வேண்டும். தொட்டி இன்னும் நிறைக்கவில்லை.