பள்ளிக்கூடப் பற்று

நான் ஓய்வு பெறும்போது எங்கள் பள்ளியில் இரண்டு வகுப்பறை, ஐந்து சுவர்க்கடிகாரம். அதில் மூன்று ஒரே நாளில் வந்தவை, கல்விச்சீர் நடந்த அன்றைக்கு.

புதுக்கோட்டைப் பக்கத்து ஆட்களுக்கு இதைச் சொல்லவேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காக: கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர் எடுத்து வருகிற மாதிரி, தாம்பாளத் தட்டில் தேங்காய் பழம் முன்னால் போக, மேளம் முழங்க, பின்னால் பீரோ, நாற்காலி, மின்விசிறி, சில்வர் குடம், உலக உருண்டை, தட்டு டம்ளர் என்று ஊரே தூக்கிக்கொண்டு அரசுப் பள்ளிக்கு ஊர்வலமாக வரும். நான் வாசலில் நின்று கும்பிட்டு வாங்கினேன், கண் கலங்கியது உண்மை. சாயங்காலம் எல்லாரும் போனபிறகு இருப்புப் பதிவேட்டை எடுத்து ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டிருந்தபோது, என்னோடு வேலை பார்த்த டீச்சர் கணக்குப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார். "எல்லாம் வந்துடுச்சு சார், ஒரு ஃபெவிகால் பாட்டில் வரலையே?"

அன்றைக்குச் சிரித்தோம். அப்புறம் யோசிக்க யோசிக்க, என் இருபத்தெட்டு வருஷச் சர்வீஸில் பட்ட பாதிப் பாடு அந்த ஒரு கேள்வியில் இருந்தது என்று தோன்றியது.

கொடுக்க மனமில்லாத ஊர் அல்ல எங்களுடையது. ஆடி வந்தால் கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் மொய் விருந்துப் பந்தலில், அதாவது விருந்து வைத்து ஊராரிடம் மொய் வாங்குகிற இடத்தில், லட்சக்கணக்கில் பணம் விழும், எண்ணுவதற்கு மிஷினே வைத்திருப்பார்கள். ஆனால் பள்ளிக்கு என்று கொடுக்கும்போது, கொடுத்தது நாலு பேர் கண்ணில் படவேண்டும் என்று இருக்கும் இல்லையா, அதில் தப்பும் இல்லை. மின்விசிறி இறக்கையில் உபயம் என்று பெயர் எழுதலாம். பசை பாட்டிலில் என்னத்தை எழுதுவது? பிள்ளைகள் கைபட்டால் நாலு நாளில் காலி.

அரசாங்கப் பணத்திலும் முன்பு ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. அனைவருக்கும் கல்வி இயக்கம் நடந்த காலத்தில் ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் வருஷத்துக்கு 500 ரூபாய், கற்பித்தல் உபகரணம் செய்துகொள்ளத் தனியாக வரும். ஆசிரியர் மானியம் என்போம். சிலர் மார்ச் மாதம் 500 ரூபாய்க்கும் கடையில் அச்சடித்த சார்ட் வாங்கிச் சுருட்டி பீரோ மேல் வைத்துவிடுவார்கள், அதையும் மறைக்க விரும்பவில்லை, நானே இரண்டு வருஷம் அப்படிச் செய்திருக்கிறேன். ஆனால் அந்த டீச்சர் போன்றவர்கள் கையில் அது ஒரு வருஷத்துக்கு ஓடும். ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, பத்துக் கட்டைச் சேர்த்து நூறு குச்சிக் கட்டு. கடன் வாங்கிக் கழித்தல் நடத்தும்போது பிள்ளை தன் கையாலேயே ஒரு கட்டைப் பிரித்துப் போடவேண்டும், அப்போதுதான் "பக்கத்து வீட்டில் கடன் வாங்கு" என்று நாம் வாயால் சொல்வது எதை என்று அதற்குத் தெரியும். கொட்டாங்குச்சித் தராசு, புளியங்கொட்டை, கிழிந்த வேட்டியில் பொம்மலாட்டத் திரை. விலை கொடுத்து வாங்கியது ரப்பர் பேண்டு, நூல், பசை, சாயம் மட்டும்தான்.

2018இல் அனைவருக்கும் கல்வி இயக்கம், ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி என்ற புதுத் திட்டத்துக்குள் போனது. பள்ளி மானியம், பராமரிப்பு மானியம் என்று பிரிந்திருந்ததைச் சேர்த்து, பிள்ளைகள் எண்ணிக்கைக்குத் தக்கபடி ஒரே மானியமாக ஆக்கினார்கள். எங்களுக்கு 47 பிள்ளைகள், அதனால் 25,000 ரூபாய். ஆயிரம் பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் ஒரு லட்சம். இதில் பத்து சதவீதம் சுகாதாரத்துக்கு என்று கட்டாயம். மீதியில் கழிப்பறைக் குழாய், மோட்டார் ரிப்பேர், பினாயில், பதிவேடுகள், மழைக்குப் பெயர்ந்த சுவருக்குப் பூச்சு. கற்றல் உபகரணமும் வாங்கலாம் என்று சுற்றறிக்கையில் ஒரு வரி இருக்கும், ஆனால் தண்ணீர் வராத கழிப்பறையையும் ஸ்கெட்ச் பேனாவையும் ஒரே பணத்துக்குப் போட்டி போட விட்டால் எது ஜெயிக்கும் என்று தனியாகச் சொல்லவேண்டுமா? 2024–25இல் தேசியக் கல்விக் கொள்கைத் தகராறில் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய மத்திய அரசின் பங்கு 2,152 கோடி ரூபாய் நின்றுபோன கதை எல்லாருக்கும் தெரியும். அந்த வருஷம் எங்களுக்கு மானியமே முழுசாக வரவில்லை.

ஒருமுறை துணிந்து நூல், பசை, மைதா, வண்ணத்தாள் என்று 640 ரூபாய்க்கு வாங்கினோம். பேப்பரை ஊறவைத்து அரைத்து, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பதினைந்து பொம்மைத் தலை செய்தார்கள், நரி, காகம், பாட்டி எல்லாம் இருந்தது. தணிக்கைக்கு வந்தவர் பில்லைப் பார்த்துவிட்டு, பத்து நூல்கண்டும் எங்கே, காட்டுங்கள் என்றார். நான் உள்ளே போய் நரியை எடுத்துவந்து மேஜையில் வைத்தேன். மனிதர் சிரித்துவிட்டார், ஆனால் குறிப்பு எழுதத்தான் செய்தார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. தீர்ந்துபோகிற பொருளுக்கு வேறு பதிவேடு உண்டு, யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று அதில் எழுதவேண்டும் என்பது விதி. இன்னாருக்கு இரண்டு முழம் நூல் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுதிக்கொண்டிருந்தால் பாடம் எப்போது நடத்துவது?

பெரிய இடத்தில் திட்டம் போடுகிறவர்களுக்கு இது தெரியாது என்று சொல்லமுடியாது. பிள்ளைகள் தாங்களே கருவி செய்து பழக அடல் ஆய்வகம் என்று ஆறாம் வகுப்பு முதல் இருக்கிற பள்ளிகளுக்கு மத்திய அரசின் நிதி ஆயோக் 20 லட்சம் கொடுத்ததே, அதில் 10 லட்சம் அமைப்பதற்கு, மீதி 10 லட்சம் ஐந்து வருஷம் நடத்துவதற்கு. பாதிப் பணம் தீர்ந்துபோகிற செலவுக்கு! தொடக்கப் பள்ளிக்கு மட்டும் ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்று தெரியவில்லை.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். எங்களிடம் படித்த பையன் ஒருவன் சிங்கப்பூரில் இருந்து லீவில் வந்தான். பள்ளிக்கு ஸ்மார்ட் டிவி வாங்கித் தருகிறேன் சார் என்றான். டிவி ஏற்கெனவே ஒன்று இருக்கிறதப்பா, அதற்குப் பதிலாக எதிர்க்கடையில் மாசம் 500 ரூபாய்க்குப் பள்ளிக்கூடப் பேரில் ஒரு பற்றுக் கணக்கு வைத்துக் கொடுப்பாயா என்று கேட்டேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. "இவ்வளவுதானா சார்? டிவின்னா எல்லாரும் பார்ப்பாங்க..." என்று இழுத்தான். நான் மேலே எதுவும் பேசவில்லை. சிங்கப்பூருக்குத் திரும்பிப் போய் மூன்று மாசம் கழித்து, கடைக்காரருக்கே நேராகப் பணம் அனுப்பிவைத்தான்.

பெற்றோர்கள் இருக்கிற பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக வைத்தபோது ஒருவர், மாசாமாசம் வாங்கினால் மாசாமாசம் தீர்ந்துபோகுமே சார், கையில் என்ன மிஞ்சும் என்று கேட்டார். நான் பதில் யோசிக்கிறதுக்குள் குழுத் தலைவி, மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா, முந்திக்கொண்டார். "அரிசி மாதிரிதானே அண்ணே, ஆக்குனா தீரத்தான் செய்யும்." தீர்மான நோட்டில் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஏற்பாடு ரொம்பச் சாதாரணம். டீச்சர் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுப்பார், இரண்டு பிள்ளைகள் ரோட்டைத் தாண்டிப் போய் வாங்கி வருவார்கள், கடைக்காரர் நீளநோட்டில் தேதி போட்டு எழுதுவார். மாசக் கடைசியில் அந்தப் பக்கத்தைப் போனில் படமெடுத்துச் சிங்கப்பூருக்கு அனுப்புவேன். 'ஊசி 1 பாக்கெட், சணல் 3 உருண்டை, மஞ்சள்தூள் 100 கிராம், சுண்ணாம்பு 2 டப்பி.' பையன் ஒருமுறை, என்ன சார் விசேஷமா, தாம்பூலமா என்று கேட்டிருந்தான். மஞ்சள் நனைத்த தாளில் சுண்ணாம்புத் தண்ணீர் பட்டதும் சிவப்பாக மாறுவதை டீச்சர் வீடியோ எடுத்து அனுப்பினார். அதற்கப்புறம் அவன் டிவி பேச்சை எடுக்கவே இல்லை. சில மாசம் 500ஐத் தாண்டும், சில மாசம் 180க்கு மேல் போகாது, தேர்வு மாசத்தில் நோட்டில் ஒரு வரிகூட இருக்காது.

ஒருநாள் சீட்டில் பலூன் என்று இருந்தது. கடைக்காரர் கொடுத்துவிட்டு, மதியம் டீக்குப் போன என்னைப் பிடித்துக்கொண்டார். "நூல் சரி, பசை சரி, பலூன் எதுக்கு சார்? யாருக்குப் பொறந்தநாள்?" நான் சொல்லவில்லை. மறுநாள் இடைவேளையில் இரண்டு பிள்ளைகளை அனுப்பினேன். தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டி, அங்கே பாதி பலூனை இழுத்துக் கட்டி, மூடியில் ஓட்டை போட்டு, பேனாக் குழலின் நுனியில் இன்னொரு சின்ன பலூனை மாட்டி உள்ளே விட்டிருந்தார்கள். அடிப் பலூனைக் கீழே இழுத்தால் உள்ளே இருப்பது உப்பும், விட்டால் சுருங்கும். இதுதான் தாத்தா நுரையீரல், நாம மூச்சு இழுக்கிறப்போ நெஞ்சுக்குள்ள இப்படித்தான் ஆகும் என்று இருவரும் மாற்றி மாற்றிச் சொன்னார்களாம்.

நான் கேட்டைத் தாண்டி எட்டிப் பார்த்தபோது, கல்லாவில் உட்கார்ந்து அவர் அந்தப் பாட்டிலை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். கடைவாசலில் எண்ணெய் வாங்க வந்த அம்மா ஒருவர், பாத்திரத்தை நீட்டியபடி நின்றிருந்தார்.