இரண்டு பேட்டரிக்கு நடுவே காணாமல் போன 1.4 வோல்ட்

பழைய மோட்டார்ஹோமில் எஞ்சினைக் கிளப்ப ஒரு பேட்டரி, உள்ளே விளக்கு, ஃபேன், தண்ணீர் பம்பு எல்லாவற்றுக்கும் இன்னொரு பேட்டரி. வண்டி ஓடும்போது, எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் இரண்டையும் ஏற்ற வேண்டும். என் வண்டியில் எஞ்சின் பேட்டரிக்கு ஒரு குறையும் இல்லை. வீட்டு பேட்டரிதான், பகல் முழுக்க ஓட்டி நிறுத்தினாலும் ராத்திரியிலேயே விளக்கை மங்கவிடும். நிறுத்தும் இடத்தில் மெயின்ஸில், அதாவது வீட்டுக்கு வரும் கரண்டில், செருகினால் மட்டும் ஒழுங்காக நிறையும்.

இப்படி ஒன்றைச் சொன்னாலே "பேட்டரி போச்சு, மாத்திடு" என்பார்கள். மெயின்ஸ் சார்ஜரில் நிறைந்து, இணைப்பைக் கழற்றி ஒரு ராத்திரி சும்மா கிடந்த பிறகும் 12.7 வோல்ட் காட்டும் லெட் ஆசிட் பேட்டரியை எதற்கு மாற்ற வேண்டும்? இருந்தாலும் 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றைக் கட்டி எரியவிட்டேன். அது நாலரை ஆம்பியர் போல இழுக்கும். வெகுநேரம் தாக்குப்பிடித்தது. பல்பைக் கழற்றி, ஆறவிட்டு அளந்தபோது 12.2 வோல்ட், அதாவது சுமார் பாதி காலி. இந்தச் சோதனைக்குப் பாதி காலியான பேட்டரிதான் தோது. நிறைந்த பேட்டரி கரண்ட் கேட்காது. கரண்ட் ஓடாத கம்பியில் கோளாறும் தெரியாது.

வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டு அளந்தேன். எஞ்சின் பேட்டரியில் 14.3 வோல்ட். சரி, ஆல்டர்னேட்டர் மேல் குற்றமில்லை. வீட்டு பேட்டரியில் 12.9. நடுவில் 1.4 வோல்ட் எங்கோ போய்விட்டது. கம்பியை வெட்டாமல் சுற்றிக் கவ்வி டிசி கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரை வீட்டு பேட்டரிக்குப் போகும் கம்பியில் மாட்டினால் 9 ஆம்பியர்.

இந்த இரண்டு எண்ணையும் சேர்த்துப் படித்தால் பாதி வேலை முடிந்தது. வோல்ட் குறைவு, கரண்ட் அதிகம் என்றால் பேட்டரி காலி. அது பசியோடு இழுக்கிறது, அவ்வளவுதான். வோல்ட் சீக்கிரமே ஏறிக் கரண்ட் விழுந்துவிட்டால் ஒன்று பேட்டரி நிறைந்திருக்கிறது, இல்லை உள்ளே சல்பேட் படிந்து கெட்டிருக்கிறது. இரண்டுமே குறைவாக இருந்தால்? கொடுப்பவரிடமும் இருக்கிறது, வாங்குபவரும் கேட்கிறார், வழியில் யாரோ சுங்கம் வசூலிக்கிறார்கள். அந்தச் சுங்கச்சாவடி எங்கே என்பதுதான் மீதிக் கேள்வி.

இதற்கு ஓம் மீட்டரோ, "பீப்" அடிக்கும் கன்டின்யூட்டியோ உதவாது. பத்தொன்பது இழையில் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் பீப் அடிக்கும். தேட வேண்டிய தடையோ ஒரு ஓமில் பத்தில் ஒரு பங்கு கூட இருக்காது. சாதாரண மல்டிமீட்டரின் கம்பிகளுக்கே அவ்வளவு தடை உண்டு. கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு இணைப்புக்கும் இந்தப் பக்கம் ஒரு முனை, அந்தப் பக்கம் ஒரு முனை வைத்து வோல்டேஜ் டிராப், அதாவது நடுவில் எவ்வளவு வோல்ட் குறைகிறது என்று பார்ப்பதுதான் நம்பகமான வழி. நல்ல இணைப்பில் மில்லிவோல்ட் கணக்கில்தான் வரும்.

எஞ்சின் பேட்டரியிலிருந்து கிளம்பினேன். ஃபியூஸ் ஹோல்டரில் 0.1 வோல்ட். சுமார்தான், குறித்துக்கொண்டேன். அடுத்தது ஸ்ப்ளிட் சார்ஜ் ரிலே, எஞ்சின் ஓடும்போது மட்டும் இரண்டு பேட்டரியையும் இணைக்கும் மின்காந்த சுவிட்ச். என் வண்டியில் ஆல்டர்னேட்டரின் டி பிளஸ் முனையிலிருந்து (எஞ்சின் ஓடும்போதுதான் அதில் வோல்ட் வரும்) வரும் கம்பிதான் அதன் காயிலை இயக்குகிறது. எஞ்சின் ஓடியதும் 'டிக்' என்று சத்தம் கேட்கும், காயிலும் ரிலேயில் 85, 86 என்று எண் போட்ட முனைகளுக்கு நடுவே 80 ஓம் போலக் காட்டியது. டிக் சத்தம் வந்தால் ரிலே நல்லது என்று பலர் விட்டுவிடுவார்கள். அந்தச் சத்தம் காயிலுக்கான சான்று மட்டுமே, உள்ளே ஒட்டிக் கரண்டைக் கடத்தும் பாயிண்டுக்கானது இல்லை. பாயிண்டின் இரண்டு முனைகளான 30க்கும் 87க்கும் நடுவே அளந்தால் 0.35 வோல்ட். அங்கிருந்து பின்பக்கம் போகும் 10 சதுர மில்லிமீட்டர் கம்பி, நீளம் ஏழு மீட்டர் இருக்கும், அதில் 0.1 மட்டும். செம்புக் கம்பியின் கணக்குப்படியும் 9 ஆம்பியருக்கு அவ்வளவுதான் வர வேண்டும். ஆக, கம்பி சுத்தம்.

எல்லாம் கூட்டினால் 0.55. இன்னும் 0.85 பாக்கி.

பிளஸ் பக்கம் முடிந்துவிட்டது, அப்படியானால் கரண்ட் திரும்பும் பக்கம்தான். மீட்டரின் ஒரு முனையை எஞ்சின் பேட்டரியின் மைனஸிலும், நீளக் கம்பி சேர்த்து மறுமுனையை வீட்டு பேட்டரியின் மைனஸிலும் வைத்தேன்: 0.85 வோல்ட். அதில் 0.8, வீட்டு மைனஸ் கம்பி சேசிஸில் (வண்டியின் இரும்புச் சட்டம், கரண்ட் அது வழியாகத்தான் திரும்புகிறது) போல்ட்டு போட்டிருக்கும் ஒரே ஒரு இடத்தில். 9 ஆம்பியரால் வகுத்து ஓமில் சொன்னால் 0.09.

அப்போதுதான் ஃப்ரிட்ஜ் ஞாபகம் வந்தது. இந்த மாதிரி வண்டிகளில் கேஸ், மெயின்ஸ், 12 வோல்ட் மூன்றிலும் ஓடும் ஃப்ரிட்ஜ் இருக்கும். ஓடும்போது 12 வோல்ட்டில் போட்டுவிடுவோம். அதற்குத் தனி ரிலே, தனி பிளஸ் கம்பி. ஆனால் எர்த், அதாவது சேசிஸுக்குப் போகும் மைனஸ் கம்பி? ஃப்ரிட்ஜைப் போட்டேன், அது 9 ஆம்பியர் போல எடுத்தது. எர்த் போல்ட்டில் டிராப் 0.8இலிருந்து 1.2க்குத் தாவியது, வீட்டு பேட்டரிக்குப் போகும் கரண்ட் 9இலிருந்து 5க்கு இறங்கியது. இரண்டுக்கும் ஒரே போல்ட்டுதான் வாசல். ஓட்டும் நேரமெல்லாம் ஃப்ரிட்ஜ் ஓடும், அந்த நேரத்தில்தான் பேட்டரியும் ஏற வேண்டும். எவ்வளவு தூரம் ஓட்டினாலும் நிறையாததன் ரகசியம் இதுதான்.

கை வைக்கும் முன் எஞ்சினை அணைத்து, மெயின்ஸைப் பிடுங்கி, இரண்டு பேட்டரியின் மைனஸையும் கழற்றினேன். (எஞ்சின் ஓடும்போது பேட்டரியைக் கழற்றிப் பார்க்கும் பழைய வழக்கம் வேண்டவே வேண்டாம், ஆல்டர்னேட்டரின் வோல்டேஜ் சட்டென்று எகிறி டயோடு போய்விடும்.) வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தால் போல்ட்டுத் தலை பளிச்சென்றுதான் இருந்தது. ஸ்பேனர் வைத்ததும் துரு பொடியாக முகத்தில் கொட்டியது. கண்ணாடி போட்டிருந்ததால் பிழைத்தேன். கம்பி முனையில் போல்ட்டு மாட்டும் வளையமான லக்கைப் பிரித்தால் உட்பக்கம் பச்சையாகக் களிம்பு, அதற்கு மேல் சேசிஸின் பெயிண்ட் ஒரு தோலாக ஒட்டிக்கொண்டு வந்தது. கட்டும்போதே பெயிண்டைச் சுரண்டாமல் முறுக்கியிருக்கிறார்கள். இத்தனை காலமும் கரண்ட் போனது மரையின் ஓரம் வழியாகத்தான்.

லக்கை வெட்டி எறிந்து, கம்பியைச் செம்பு மினுங்கும் இடம் வரை பின்வாங்கி, புது லக் வைத்து கிரிம்ப் செய்தேன். சேசிஸை உப்புத்தாளால் வெள்ளி நிறம் வரும்வரை தேய்த்து, பல் வாஷர் போட்டு இறுக்கி, அதன்பிறகு வெளியே மட்டும் கிரீஸ். ஃப்ரிட்ஜ் எர்த்தைப் பிரித்து வேறொரு போல்ட்டில் தனியாகக் கொடுத்தேன். பழைய ரிலேயின் மூடியை நெம்பிப் பார்த்தேன்: ஒரு பாயிண்ட் கருகிக் குழி விழுந்திருந்தது. தேய்த்துப் போடலாம் என்பார்கள். குழி விழுந்த பாயிண்ட் மறுபடி கருகும், ரிலே அப்படியொன்றும் பெரிய பொருள் இல்லை. 70 ஆம்பியர் ரிலே ஒன்று போட்டேன். ஃபியூஸ் ஹோல்டரும் புதுசு.

மறுபடி பேட்டரியைப் பாதி காலி செய்து எஞ்சினைக் கிளப்பினேன். எஞ்சின் பேட்டரியில் 14.2, வீட்டு பேட்டரியில் 13.6, கிளாம்ப் மீட்டரில் 24 ஆம்பியர். ஓட ஓட கரண்ட் 8க்கு வந்தது, வீட்டு பேட்டரி 14.0 ஆனது. ஃப்ரிட்ஜைப் போட்டால் முள் அளவுக்குக்கூட அசைவில்லை.

இடையில் ஒரு டிசி டு டிசி சார்ஜர் (எஞ்சின் பக்க வோல்ட்டை வீட்டு பேட்டரிக்கு வேண்டிய அளவுக்கு மாற்றித் தரும் பெட்டி) வாங்கிப் போட்டுவிடு, எல்லாம் சரியாகும் என்று ஒரு யோசனை வந்தது. நல்ல சாதனம்தான், வோல்டேஜை மாற்றிமாற்றி விடும் புது வகை ஆல்டர்னேட்டர் வண்டிகளுக்கு அது தேவையும்கூட. ஆனால் அது உள்ளே வரும் வோல்ட் குறைந்தால் கரண்டைக் கூட்டி இழுத்துச் சமாளிக்கும். 0.09 ஓம் போல்ட்டில் 25 ஆம்பியரை இழுத்தால் அங்கே 56 வாட் சூடு. பேட்டரி நிறைந்திருக்கும், வண்டிக்கு அடியில் அந்த போல்ட்டு வெந்துகொண்டிருக்கும்.

இனி பாக்கி, மெயின்ஸ் சார்ஜர். எப்போதும் 13.7 வோல்ட்டிலேயே நிற்கும் பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகை. ஏற்றும், ஆனால் ஆமை வேகம். அதோடு கட்டுப்பாட்டுப் பலகையில் இருக்கும் மீட்டர், பேட்டரி முனையில் அளப்பதைவிட 0.2 குறைத்தே காட்டுகிறது. அதற்கும் ஒரு எர்த் கம்பி எங்கோ இருக்கத்தான் வேண்டும்.